எத்தனையில் எத்தனை? மாட்டுக் கொட்டகைக்குள் ஓர் எட்டிப் பார்வை

திருவானைக்காவலில் உச்சிக்கால பூஜைக்கு நின்றிருக்கிறீர்களா? அர்ச்சகர் சேலை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடு ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்குப் போவார். கோபூஜைக்குக் காராம்பசு வந்து நிற்கும். எல்லாரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். எனக்கோ கொஞ்ச காலமாக அந்த இடத்தில் வேறு கேள்விகள் ஓடுகின்றன. ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கும் இந்தத் தீவு முழுக்க மொத்தம் எத்தனை மாடு இருக்கும்? அதில் எத்தனைக்குக் கோமாரி ஊசி போட்டாயிற்று? போட்டதில் எத்தனைக்கு ஊசி உண்மையிலேயே பிடித்தது?

இந்தக் கேள்விகளையே தொழிலாகக் கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள்தான், ஆனால் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும் டாக்டர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்களுக்கு நோயாளி என்பது ஒரு மாடு கிடையாது. ஓர் ஊர் மாடுகள் மொத்தமும் சேர்ந்துதான் இவர்களுடைய நோயாளி. நோய் எங்கே தொடங்கியது, எந்த வழியாக வந்தது, எத்தனையைப் பிடித்தது, அந்த வீட்டுக்கு எத்தனை ரூபாய் நட்டம், தடுத்திருந்தால் எத்தனை மிச்சம் என்று துப்புத் துலக்குவதும் கணக்குப் போடுவதும் ஒன்றாகச் சேர்ந்த வேலை. நோய்ப் பரவலியல் ஒரு கை, பொருளாதாரம் மறு கை. இந்த இரண்டையும் ஒரே பெயரில் கோத்து உலகத்து ஆய்வாளர்கள் முதன்முதலாகக் கூடியது 1976-ல், இங்கிலாந்தின் ரெடிங் நகரில். அந்த வேலையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம், வாருங்கள். அவ்வளவு சுவாரசியம் அங்கே கொட்டிக் கிடக்கிறது!

மாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் வேண்டும். கால்நடை மருந்தகத்தில் பதிவேடு இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் போதாதா? போதாது. அந்தப் பதிவேட்டில் இருப்பது மருந்தகத்துக்கு வந்த மாடு மட்டும். நோயே வராத மாடு அதில் இல்லை. நோய் வந்தும் நாட்டு மருந்தோடு வீட்டில் நின்றுவிட்ட மாடும் இல்லை. பத்து மாட்டுக்குக் கோமாரி என்று பதிவேடு சொல்லும். பத்தில் பத்தா, ஆயிரத்தில் பத்தா? கீழே உள்ள எண் தெரியாமல் மேலே உள்ள எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ‘எத்தனையில் எத்தனை?’ இந்த ஆட்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

அதனால்தான் நம் நாட்டில் 1919-லேயே கால்நடைக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2019-ல் நடந்தது இருபதாவது. அதன்படி தமிழ்நாட்டில் மாடு சுமார் 95 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி 45 லட்சம். இப்போது மாட்டின் காதில் மஞ்சள் கம்மல் போல ஒரு வில்லை தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். ஆதார் எண்ணைப் போலவே நாட்டில் வேறெந்த மாட்டுக்கும் அந்த எண் கிடையாது! எந்த மாட்டுக்கு எப்போது ஊசி, எப்போது சினை ஊசி, எப்போது ஈற்று என்று எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறும்.

பட்டியல் கையில் வந்ததும் குலுக்கல். எந்த வீட்டு மாட்டிடம் ரத்தம் எடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது; கண்மூடி எடுத்த எண்தான் முடிவு செய்யும். ரோட்டோரத்து வீடு, காபி கொடுக்கிற வீடு, சாதுவான மாடு என்று நம் கை தானாகவே வசதியான பக்கம் போய்விடும். வசதியான மாடுகளின் கணக்கு ஊர்க் கணக்கு ஆகாது. ஆகவே, குலுக்கலில் கொள்ளிடக் கரையோரம் கடைசிக் கொட்டகை வந்தால் அங்கேதான் போக வேண்டும். போனால் வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டு மாட்டை எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். கூடாது. மறுநாள் கறவை நேரத்துக்கு, இருட்டோடு இருட்டாக, மறுபடி போய் நிற்க வேண்டும். இந்தப் பிடிவாதம் எனக்கு அப்படிப் பிடித்திருக்கிறது.

தீவு என்றால் இவர்களுக்குத் தனி உற்சாகம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிய, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உள்ளே வரப் பாலங்கள். லாரியில் ஏறி வரும் மாடு பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும், எண்ணுவது எத்தனை சுலபம்! அப்படி நினைத்துக்கொண்டு கோடையில் கரைக்குப் போய்ப் பார்த்தால், ஆறு மணலாகக் கிடக்க, அக்கரை மாடும் இக்கரை மாடும் ஒரே திட்டில் ஒன்றாக மேய்ந்துகொண்டிருக்கும். வரைபடத்தில் இருக்கும் எல்லை ஒன்று, மாட்டுக்குத் தெரிந்த எல்லை வேறொன்று. எந்த மாதத்தில் எந்த எல்லை என்று குறித்து வைப்பதும் ஆய்வில் சேர்த்தி.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வித்தைக்கு வருகிறேன். பால் வளையம்.

கன்று வீச்சு நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். புருசெல்லா என்னும் கிருமி. சினை மாடு ஏழு எட்டு மாதத்தில் கன்றை வீசிவிடும். பச்சைப் பால் குடித்தால் மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். ஓர் ஊரில் அது இருக்கிறதா என்று தெரிய ஒவ்வொரு மாட்டையும் குத்த வேண்டியதில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்துப் பால்கேன் போதும். ஊர்ப் பால் மொத்தமும் கலந்து நிற்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். கறந்த சூட்டோடு சோதித்தால் தப்பாகக் காட்டும்; ஓர் இரவு குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. பிறகு அதில் சாயம் ஏற்றிய செத்த கிருமிக் கரைசல் ஒரு துளி. பால் இளநீலமாக மாறும். உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், ஒரு மணி நேரம் வைக்கிறார்கள்.

குழாயை வெளியே எடுக்கும் அந்த நொடி இருக்கிறதே! நோய் இல்லாத பால் என்றால் நீலம் அப்படியே பரவி நிற்கும், மேலே ஆடை வெள்ளையாக இருக்கும். நோய் கண்ட ஒரு மாட்டின் பால் கலந்திருந்தால் கதை தலைகீழ். அந்த மாட்டின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் பாலில் இருக்குமே, அது சாயம் ஏறிய கிருமிகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து, கொழுப்புத் துளிகளோடு ஒட்டிக்கொண்டு மேலே மிதந்து வந்துவிடும். கீழே பால் வெளுத்துப் போகும், மேலே ஆடையில் கருநீலமாக ஒரு வளையம். ஓர் ஊரே ஒரு குழாய்க்குள் பேசுகிறது!

இதற்கெல்லாம் ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி கொட்டப்பட்டில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் அங்கேதான். கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு நோய் புலனாய்வுப் பிரிவு என்றே ஒன்று திருச்சியில் உண்டு. பால் வளையம் தெரிந்த ஊரில் அடுத்து ஒவ்வொரு மாடாக ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். இங்கேதான் கணக்கு தன் முழுக் குறும்பையும் காட்டுகிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் மாடு, அதில் உண்மையில் நோய் உள்ளவை 20. சோதனை நல்ல சோதனை. நோயுள்ள நூறில் 90-ஐப் பிடிக்கும். நோயில்லாத நூறில் 95-ஐ ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லிவிடும். எத்தனை மாட்டுக்கு ‘இருக்கிறது’ என்று வரும்?

நோயுள்ள 20-ல் 18 மாட்டிக்கொள்ளும். நோயில்லாத 980-ல் நூற்றுக்கு ஐந்து தவறு, ஆக 49. மொத்தம் 67 மாட்டுக்கு ‘இருக்கிறது’ என்று சீட்டு வரும். உண்மையில் நோயுள்ளது அதில் 18 மட்டும்! சீட்டு வாங்கிய நாலு மாட்டில் கிட்டத்தட்ட மூன்று, பாவம், ஒன்றுமே இல்லாதவை. நோய் அரிதாக இருக்கும் ஊரில் நல்ல சோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் அந்த 67-ஐ மட்டும் பிரித்து, வேறொரு முறையில் இரண்டாவது சோதனை. ஒரு வீட்டின் ஒரே கறவையை ‘நோய் மாடு’ என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்க மாட்டார்கள். சீட்டு கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ரத்தம் எடுப்பதையும் ஒரு முறையாவது கிட்ட நின்று பாருங்கள். தலைக்கயிற்றை ஒருவர் இழுத்துப் பிடிக்க, கழுத்தோரம் கட்டைவிரலை அழுத்தியதும் ரத்தக்குழாய் புடைத்து எழும். ஊசி இறங்கும், குழாய் நிறையும். உடனே குழாயைச் சாய்த்து வைக்கிறார்கள். சாய்ந்தபடி உறைந்தால் மேலே தெளிநீர் நிறையப் பிரியும், வைக்கோல் நிறத்தில். குழாயின் மேல் வீட்டுக்காரர் பெயர் இருக்காது, எண் மட்டும். தடுப்பூசி பிடித்ததா என்று பார்க்கும் ஆய்வு என்றால், ஊசிக்கு முன்னால் எடுத்ததா, போட்டு 28 நாள் கழித்து எடுத்ததா என்பது ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், பின்னால் எடுத்ததில் எதிர்ப்பு கூடியிருக்கும் என்று கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடும்.

கோமாரி விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஊசி போட்ட மாட்டுக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கும், நோய் வந்து தேறிய மாட்டுக்கும் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? வைரஸ் உடம்புக்குள் பெருகும்போது சில புரதங்களை உண்டாக்கும். சுத்தம் செய்த தடுப்பூசியில் அவை இருக்காது. அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பு கண்டால், ஊசி போட்டிருந்தாலும் சரி, இந்த மாடு வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கான சோதனையை நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா மாட்டுக்கும் ஊசி போட்ட ஊரிலும் வைரஸ் இன்னும் சுற்றுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். அபாரம் இல்லையா!

ஊசியும் குழாயும் இல்லாத வித்தை ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவை நூறு புளியங்கொட்டை.

வீட்டுப் பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்து, கொட்டைகளைக் குவித்து, “அம்மா, இது உங்க தெரு மாடு மொத்தமும்னு வெச்சுக்குங்க. போன வருஷம் நல்லா இருந்தது ஒரு பக்கம், சீக்கு வந்தது ஒரு பக்கம் பிரிச்சுக் காட்டுங்க” என்கிறார்கள். கைகள் உடனே வேலை செய்ய ஆரம்பிக்கும். அடுத்து சீக்குப் பக்கத்துக் குவியலைப் பிரிக்க வேண்டும்: கோமாரி இத்தனை, மடி நோய் இத்தனை, சினை பிடிக்காதது இத்தனை, கழிச்சல் இத்தனை. ஒருவர் நகர்த்திய கொட்டையை இன்னொருவர் திருப்பி நகர்த்துவார். “அது கோமாரி இல்லக்கா, குளம்புல முள்ளு ஏறுன புண்ணு.” “வாயிலயும்தானே நுரை தள்ளுச்சு?” அந்தச் சண்டைதான் ஆய்வாளருக்குப் பொக்கிஷம். எந்த அறிகுறியை வைத்து எந்த நோய் என்று சொல்கிறார்கள் என்பது அப்படியே வெளியே வந்துவிடும். பிறகு தரையில் கோலமாவால் சித்திரையிலிருந்து பங்குனி வரை பன்னிரண்டு கட்டம். எந்த மாதத்தில் எந்த நோய் என்று அதே கொட்டைகளை அடுக்கச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகைக் கட்டத்தில் கொட்டை குவிந்தால் மழையோடு வரும் நோய் என்று தெரிகிறது.

இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தடுத்த தெருக்களில் தனித்தனிக் குழுவாக உட்கார வைத்து, ஒரு குழுவின் அடுக்கும் இன்னொரு குழுவின் அடுக்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கிறார்கள். அதற்கு மாரிஸ் கெண்டால் என்னும் புள்ளியியலாளர் தந்த அளவுகோல் இருக்கிறது. ஒத்துப்போனால் பெண்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை, தரவு. ஜெஃப்ரி மரைனர், ஆண்டி கேட்லி போன்றவர்கள் ஆப்பிரிக்க மேய்ச்சல் மக்களிடையே வளர்த்தெடுத்த முறை இது. ஆய்வுக்கூடமே எட்டாத பாலைவெளியில், மாடு மேய்ப்பவர்களின் சொல்லை நம்பி, பின்னால் நான் சொல்லப்போகும் வெக்கை நோயின் கடைசித் தடங்களைத் தேடிப் போனார்கள்.

தேதி கேட்கிற அழகையும் சொல்லியாக வேண்டும். மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்டால், “அது ஆச்சு ஒரு வருஷம்” என்று வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஊர்க் காலண்டர். “பாட்டி, ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?” “பெருக்குக்கு ஆத்துக்குப் போயிட்டு வந்தப்ப மடி இறங்கி நின்னுச்சு தம்பி. ரெண்டாம் நாளு போட்டுச்சு.” முடிந்தது, ஆகஸ்ட் முதல் வாரம்! இந்தப் பக்கத்தில் வைகுண்ட ஏகாதசி, சமயபுரம் பூச்சொரிதல், சூரியூர் ஜல்லிக்கட்டு என்று வருஷம் முழுக்க முளை அடித்து வைத்திருக்கிறது. ஒரு நினைவைக் கட்ட எத்தனை முளை!

சந்தைக்கும் போகிறார்கள். மணப்பாறை மாட்டுச்சந்தையும் சமயபுரம் ஆட்டுச்சந்தையும் நமக்கு வியாபாரம். இவர்களுக்கு அது முடிச்சு. எந்த ஊர் ஆடு எந்தச் சந்தை வழியாக எந்த ஊருக்குப் போகிறது என்று கோடு போட்டுக்கொண்டே போனால் வலை போல ஒரு படம் வரும். எந்த முடிச்சை அவிழ்த்தால் வலை இரண்டாகப் பிரியும் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஊர் ஊராக அலையாமல், அந்த ஒரு சந்தை வாசலில் ஊசிப் பெட்டியோடு நின்றால் போதும் என்று சில நேரம் தெரியவரும்.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தத் துறையின் பெயரில் பாதி அதுதான். கோமாரி வந்த ஒரு கலப்பினக் கறவை. பேச்சுக்காக எண்களை எடுத்துக்கொள்கிறேன்: நாளைக்கு ஐந்து லிட்டர் குறைந்து, அது இருபது நாள் நீடித்தது. நூறு லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்றால் 3,500. வைத்தியச் செலவு 1,500. எல்லாரும் இதோடு கணக்கை மூடிவிடுவார்கள். பொருளாதாரக்காரர் மூட மாட்டார். “அடுத்த சினை எப்பம்மா பிடிச்சுது?” என்று கேட்பார். இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கும். அந்த அறுபது நாளும் பால் இல்லாமல் தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும், நாளைக்கு 120 ரூபாய் என்றால் 7,200! கண்ணுக்குத் தெரிந்த பாலைவிடக் கண்ணுக்குத் தெரியாத வெறும் நாட்கள் தின்றதுதான் அதிகம். மொத்தம் 12,200.

இனி ஊசி. அரசு இலவசமாகப் போடுகிறது. ஆனாலும் “ஊசி போட்டா ரெண்டு நாளு பால் குறையுது டாக்டர், வேணாம்” என்று கதவை மூடுகிற அம்மாவை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நல்ல ஆய்வாளர் அவரோடு வாதாட மாட்டார், எழுதிக்கொள்வார். ஒரு தாளை நாலு கட்டமாக மடித்து, வரவு கூடியது, செலவு மிச்சமானது, செலவு கூடியது, வரவு குறைந்தது என்று பிரித்தால் அந்த அம்மா சொன்னது நாலாவது கட்டத்தில் உட்காரும். இரண்டு நாள், நாளைக்கு ஒரு லிட்டர், எழுபது ரூபாய். வருஷத்துக்கு இரண்டு ஊசி, 140. ஊரில் இருபது மாட்டில் ஒன்றுக்குக் கோமாரி வரும் நிலை என்றால், ஊசி தவிர்க்கும் நட்டம் சராசரியாக 610 ரூபாய். போட்டுக்கொள்வது லாபம். சரி, அக்கம்பக்கத்தார் எல்லாரும் போட்டுவிட்டு, நோய் நூற்றில் ஒன்றாகக் குறைந்துபோனால்? தவிர்க்கும் நட்டம் 122. அந்த அம்மாவின் 140-ஐவிடக் குறைவு!

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. கதவை மூடிய அம்மா கணக்குத் தெரியாதவர் இல்லை. தன் ஒரு கொட்டகையின் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஊர் முழுக்க அப்படி நினைத்தால் நோய் மறுபடி இருபதில் ஒன்றுக்கு ஏறிவிடும். ஒரு வீட்டுக் கணக்கும் ஊர்க் கணக்கும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் அரசுப் பணம் உள்ளே வர வேண்டும் என்று பொருளாதாரம் கை காட்டுகிறது. 2019-ல் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் தேசியத் திட்டம் வந்ததே, அதன் அடியில் ஓடுவது இந்தக் கணக்குதான். கோமாரி நிலைத்துவிட்ட நாடுகளில் கண்ணுக்குத் தெரியும் உற்பத்தி நட்டமும் தடுப்பூசிச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 650 கோடி முதல் 2,100 கோடி டாலர் வரை என்று ஜோனதன் ரஷ்டனும் நைட்-ஜோன்ஸும் 2013-ல் மதிப்பிட்டார்கள். பெங்களூரு எலகங்காவில் இருக்கும் தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம், மழையையும் வெயிலையும் பழைய நோய்க் கணக்கையும் கலந்து, மாவட்டம் மாவட்டமாக எந்த நோய் வரலாம் என்று இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது.

எல்லாம் சரி, எண்ணிக்கொண்டே இருந்தால் நோய் போகுமா? போயிருக்கிறது! அதுவும் நம் தமிழ்நாட்டில்தான் இந்தியாவின் கடைசிக் காட்சி நடந்தது.

வெக்கை நோய் என்றால் எண்பது வயதுக்காரர்களுக்கு இன்றும் உடம்பு நடுங்கும். ஒரு கொட்டகையில் புகுந்தால் கொட்டகையே காலி. 1880-களின் முடிவிலும் 1890-களிலும் ஆப்பிரிக்காவில் இது போட்ட ஆட்டத்தில் மாடுகள் அழிந்து, எத்தியோப்பியாவில் மனிதர்கள் பஞ்சத்தில் செத்தார்கள். நம் நாட்டில் 1954-லேயே ஒழிப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் தடுப்பு மருந்து நிலையம் குப்பி குப்பியாக ஊசி மருந்து தயாரித்துக் கொடுத்தது. நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் தெற்கே மட்டும் விட்டுப் போக மறுத்தது.

நடுவில் ஒரு துப்பறியும் கதை. ஆடுகளுக்கு வெக்கை போலவே ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல். ஆட்டில் வெக்கை இருக்கும்வரை மாட்டில் எப்படி ஒழியும்? 1987-ல் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில், விழுப்புரம் பக்கம் அரசூரில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் பணியாற்றியவர்களும், அது வெக்கையே இல்லை, ஆட்டுக்கொல்லி நோய் என்று காட்டினார்கள். இந்தியாவில் அந்த நோய் உறுதிப்பட்டது அதுதான் முதல் முறை. இரண்டு கணக்கு ஒன்றாகக் கலந்து கிடந்தது, பிரிந்தது! அரசூரின் அந்த வைரஸையே பலவீனப்படுத்திப் பிறகு தடுப்பூசி செய்தார்கள். ‘அரசூர் 87’ என்று ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் தடுப்பூசி வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

1992-ல் வெக்கையை ஒழிக்கப் புதிய தேசியத் திட்டம் வந்தது. 1995-ல் வட ஆற்காட்டில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது. ராணிப்பேட்டை அப்போது இருந்த அதே வட ஆற்காடு! அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்பதை எப்படி நிரூபிப்பது? இருப்பதைக் காட்ட ஒரு மாடு போதும். இல்லாததைக் காட்ட?

முதலில் ஊசியை நிறுத்தினார்கள். எத்தனை நெஞ்சுரம் வேண்டும் பாருங்கள்! ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், நோய் போய்விட்டதா, ஊசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று தெரியாது. நிறுத்திவிட்டு மூன்று வழியில் தேடினார்கள். ஊர் ஊராகப் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். மாடு ஓட்டிச் செல்லும் வழிகளிலும் சந்தைகளிலும் நின்று பார்த்தார்கள். மருந்தகங்களின் தினப்பதிவேடுகளைப் புரட்டி, வாய்ப்புண்ணும் கழிச்சலும் ஒன்றாக எழுதப்பட்ட வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். வருஷா வருஷம் இதே தேடல்.

ரத்தக் கணக்கும் உண்டு. நூற்றில் ஒரு மாட்டுக்கு நோய் இருந்தால்கூடக் கண்ணில் பட வேண்டும், அதுவும் 95 சதவீத உறுதியோடு. எத்தனை மாட்டைப் பார்க்க வேண்டும்? ஒரு மாட்டில் நோய் இல்லாதிருக்க வாய்ப்பு 0.99. இரண்டிலும் இல்லாதிருக்க 0.99-ஐ 0.99-ஆல் பெருக்க வேண்டும். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 299-ஆவது மாட்டில் அந்த எண் 0.05-க்குக் கீழே இறங்கும். சுமார் முந்நூறு! பத்தாயிரம் மாடு உள்ள வட்டாரமானாலும் பத்து லட்சம் உள்ள மாநிலமானாலும் அதே முந்நூறுதான், குலுக்கல் நேர்மையாக இருந்தால். கொள்ளிடக் கரையோரத்துக் கடைசிக் கொட்டகைக்கு இரண்டாம் முறை நடந்த கால்களுக்கு இங்கேதான் மதிப்பு. நோய் கொட்டகை கொட்டகையாகத்தான் கூடும் என்பதால் உண்மையான திட்டத்தில் மாடுகளுக்கு முன்னால் ஊர்களையே குலுக்கி எடுத்தார்கள். ஊசி நிறுத்திய பிறகு பிறந்த இளம் மாடுகளின் ரத்தம்தான் இதில் சாட்சி. ஊசியே காணாத உடம்பில் எதிர்ப்பு இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள்.

எங்குமே இல்லை. 2004-ல் நோய் இல்லாத நாடு, 2006-ல் தொற்றே இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. உலகத்தில் கடைசியாகக் கென்யாவின் மேரு வனத்தில் 2001-ல் காட்டெருமைகளிடம் கண்டதோடு சரி. 2011-ல் பூமியிலிருந்தே வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய்!

அந்தத் தேடல் இப்போது ஆட்டுக்கொல்லியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2030-க்குள் உலகம் முழுக்க அதை ஒழிக்க வேண்டும் என்று குறி வைத்திருக்கிறார்கள். ஆடு, மாட்டைப் போல இல்லை. சீக்கிரம் பெருகும், சீக்கிரம் விற்றுப்போகும். இன்று ஊசி போட்ட கூட்டத்தில் ஒரு வருஷத்தில் பாதி புது முகம். எந்த மாதம் போட்டால் எத்தனை குட்டிகள் தப்பிப்போகும், எந்தச் சந்தைக்கு முன்னால் போட வேண்டும், ஓர் ஆட்டுக்கு ஆகும் செலவில் எத்தனை ரூபாய் திரும்பி வரும் என்று மறுபடியும் தாளை நாலாக மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சமயபுரத்தில் இந்த வாரம் சந்தைக்குப் போனால், ஆட்டின் பல்லைப் பிடித்து வயது பார்த்துக்கொண்டே, “எந்த ஊருல வாங்குனீங்கண்ணே?” என்று தரகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆள் யாராவது கண்ணில் பட்டால், பக்கத்தில் போய் நின்று இன்னும் என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள்.